லைன் போனாலும் பில் வரவேண்டும்

கும்பகோணத்தில் மெடிக்கல் வைத்திருக்கும் என் தாய்மாமா போன மழைக்காலத்தில் ஃபோன் செய்து, "மாப்ளே, பேசாம பழைய சாஃப்ட்வேருக்கே போயிடலாமா?" என்று கேட்டார். கடையைப் பிரவுசரில் ஓடும் பில்லிங்குக்கு மாற்றியது அவராக எடுத்த முடிவு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் வலைச் செயலிகள் எழுதிச் சம்பாதிக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார். "வேண்டாம் மாமா" என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் மாமா சும்மா அலுத்துக்கொள்கிற ஆள் இல்லை. முப்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பின்னால் போக நினைக்கிறார் என்றால் அங்கே உண்மையாகவே ஏதோ வலிக்கிறது. நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வெப் அப்ளிகேஷனா, கணினியில் நிறுவும் மென்பொருளா என்ற விவாதம் எங்கள் தொழிலில் எப்போதோ முடிந்துபோன ஒன்று. பிரவுசர்தான் ஜெயித்தது. புதிதாக எழுதப்படும் வணிக மென்பொருள் பெரும்பாலும் வலையில்தான் ஓடுகிறது. அது ஏன் ஜெயித்தது என்று எழுதத் தேவையில்லை. இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். என்னை அரித்துக்கொண்டிருந்தது வேறு. ஜெயித்த அந்த மென்பொருள் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் சாயங்காலம் ஏழு மணிக்கு எப்படி நடந்துகொள்கிறது?

பழையதும் சும்மா இல்லை, புதியதும் சும்மா இல்லை

மாமாவின் பழைய மென்பொருள் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய காலத்துத் தரவுத்தள மொழியில் எழுதியது. மவுஸே தேவைப்படாது. மருந்தின் பெயரில் மூன்று எழுத்து, எண்டர், பேட்ச், எண்டர், எத்தனை மாத்திரை, எண்டர். கவுண்டரில் இருக்கும் அக்கா திரையைப் பார்க்காமல் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பில் போடுவார். கடைசி எண்டரைத் தட்டும்போதே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிர்ரென்று ஓட ஆரம்பிக்கும். ஒரு கருவி கைக்குப் பழகுவது என்றால் அதுதான். இன்றைக்கு வடிவமைப்புக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசியும் நாங்கள் அந்த வேகத்தைத் தொடுவதில்லை.

ஆனால் அந்த மென்பொருளுக்காக மாமா பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஒருமுறை ஹார்டு டிஸ்க் போனபோது கடைசியாகப் பென் டிரைவில் எடுத்து வைத்த பேக்கப் பல வாரம் பழையதாக இருந்தது. நடுவில் நடந்த வியாபாரத்தை நகல் பில் புத்தகத்திலிருந்து திரும்ப ஏற்றினார்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது இன்னும் மோசம். அதை எழுதிக்கொடுத்தவர் ஒற்றை ஆள். தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று கடை கடையாகப் போய் ஒவ்வொரு கணினியிலும் புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டு வந்தார். மாமாவின் முறை வரும்வரை கையால் எழுதிய பில்தான்.

அதே மாதிரி ஒரு மாற்றம் 2025 செப்டம்பர் 22ஆம் தேதி வந்தது. பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்றானது. ஒரு மெடிக்கலில் இருக்கும் ஆயிரக்கணக்கான சரக்குகளின் வரி ஒரே ராத்திரியில் மாறியாக வேண்டும். மாமா அன்று காலையில் கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, பிரவுசரைத் திறந்தார். எல்லாம் மாறியிருந்தது. யாரும் வரவில்லை, எதையும் ஏற்றவில்லை. மென்பொருள் நிறுவனத்தின் மையக் கணினியான சர்வரில் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாக் கடைக்கும் போய்விடும் என்பது வலைச் செயலியின் மிகப் பெரிய பலம். அதன் அருமை தெரிய 2017இல் கையால் பில் எழுதியிருக்க வேண்டும். அப்புறம், மாமாவுக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு சின்னக் கடை இருக்கிறது. இங்கே இல்லாத மருந்து அங்கே இருக்கிறதா என்று திரையிலேயே பார்த்து, பையனை சைக்கிளில் அனுப்பி வாங்கிவரச் சொல்ல முடிகிறது. நோயாளியைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. எக்ஸ்பைரி நெருங்கும் சரக்கை ராத்திரி வீட்டில் ஃபோனிலேயே பார்த்து, காலையில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குத் திருப்பிவிடுகிறார். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழையதற்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சாயங்காலம்

நான் போன சமயம் தெருவில் வடிகால் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜேசிபி ஒரு பக்கம் தோண்ட, கண்ணாடி இழைக் கேபிள் அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. கடைக்கு எதிரே ஒரு டாக்டரின் கிளினிக். அவர் சாயங்காலம்தான் பார்ப்பார். ஆறரை மணியிலிருந்து சீட்டுகள் வர ஆரம்பிக்கும். ஏழு மணிக்குக் கடை வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். பாதிப்பேர் கிராமத்திலிருந்து வந்தவர்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள்.

லைன் போனது அந்த நேரத்தில்தான். அக்கா ஒரு பெரிய சீட்டை அடித்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு மருந்து ஏறியிருந்தது. சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டார். அந்த நேரத்தில் டவரில் கூட்டம். வந்தும் வராமலும் ஒரு இணைப்பு கிடைத்தது. அக்கா மறுபடி அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பிறகு பக்கத்தைப் புதுப்பித்தார். அடித்த பில் முழுவதும் காணாமல் போய் வெறும் திரை வந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கையில் இன்சுலினுக்கான சீட்டு. மருந்து அக்காவுக்கு இரண்டடி தூரத்தில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. கொடுக்க மருந்து இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறார், கொடுக்க அனுமதி உள்ளவர் நிற்கிறார். பில் மட்டும் வரவில்லை. மாமா பழைய பில் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "ஏன் மாப்ளே, என் கடைச் சரக்கை நான் விக்கிறதுக்கு பாம்பேல இருக்கிற மிஷினைக் கேக்கணுமா?" என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கூட்டம் குறைந்து லைன் திரும்ப வந்தபிறகு எழுதிய பில்களை அக்கா ஏற்ற உட்கார்ந்தார். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அவர் இரண்டு மூன்று முறை அழுத்திய அந்தப் பெரிய பில் சர்வரில் இரண்டு பில்லாக விழுந்திருந்தது. திரைதான் வட்டமாகச் சுற்றியதே தவிர, கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. பதில்தான் திரும்ப வரவில்லை. இரண்டு பில்லுக்கும் சரக்கு கழிந்திருந்தது.

கடையை மூடிய பிறகு அந்தக் கணினி முன்னால் நான் உட்கார்ந்தேன். பிரவுசரில் எஃப்12 விசையைத் தட்டி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பொய்ப் பில் போட்டுப் பார்த்தேன். மருந்தின் பெயரில் நான்கு எழுத்து அடித்தால் நான்கு முறை சர்வருக்குப் போய் வந்தது. ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் பேட்ச் பட்டியலுக்காக மறுபடி ஒரு பயணம். அளவு போட்டால் தொகையைக் கணக்கிட இன்னொன்று. விலையை எண்ணிக்கையால் பெருக்குவதற்குக்கூடச் சர்வர்! மேஜைக்குக் கீழே இருக்கும் அந்தக் கணினியில் எட்டு ஜிபி நினைவகம் இருக்கிறது. கடையின் மொத்த மருந்துப் பட்டியலையும், பேட்ச், எக்ஸ்பைரி, விலையோடு சேர்த்து நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பத்தாயிரம் வரி, வரிக்கு நூறு எழுத்து என்று வைத்துக்கொண்டாலும் ஒரு எம்பிதான். மாமா ஃபோனில் எடுக்கும் ஒரு ஃபோட்டோ அதைவிடப் பெரிது. அந்தப் பட்டியல் காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை இறங்கி உட்கார்ந்திருந்தால், சாயங்காலம் கேபிள் அறுந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த ராத்திரிதான் எனக்குத் தெளிவு வந்தது. மாமாவின் கடையைப் படுத்தியது வலை இல்லை. வலைச் செயலி என்றால் சர்வர் யோசிக்கும், பிரவுசர் காட்டும் என்று யாரோ ஒருவர் எடுத்த வடிவமைப்பு முடிவு. பிரவுசர் வெறும் கண்ணாடியாக இருந்த காலத்து முடிவு அது. அந்தக் காலம் முடிந்து வெகுநாள் ஆகிறது.

பிரவுசருக்குள் என்னவெல்லாம் இருக்கிறது

இணைப்பு இல்லாதபோதும் வலைச் செயலி ஓடவேண்டும் என்ற எண்ணம் புதிது அல்ல. 2007இலேயே கூகுள் 'கியர்ஸ்' என்ற பிரவுசர் நீட்சியை வெளியிட்டது. பக்கங்களையும் தரவையும் பயனரின் கணினியிலேயே வைத்துக்கொள்ள அது வழி செய்தது. அது நிலைக்கவில்லை. ஆனால் அதன் வேலையை இன்று பிரவுசர்களே செய்கின்றன. தரவைச் சேமிக்க இண்டெக்ஸ்டு டிபி, 2015இல் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதைத் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. செயலியின் கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு இணைப்பு இல்லாதபோதும் பக்கத்தைத் திறந்து காட்ட சர்வீஸ் வொர்க்கர். குரோமில் முதலில் வந்தது, 2018இல் சஃபாரியிலும் வந்துவிட்டது. 2019இல் இங்க் அண்ட் ஸ்விட்ச் என்ற ஆய்வுக்குழு இந்த எண்ணத்துக்கு 'லோக்கல் ஃபர்ஸ்ட்' என்று பெயர் வைத்து விரிவாக எழுதியது. தரவின் முதல் பிரதி பயனரின் கருவியில் இருக்கவேண்டும், சர்வரில் இருப்பது அதன் நகல் என்பது அவர்கள் நிலைப்பாடு. நானும் அந்தக் கட்சிதான். கருவிகள் இருக்கின்றன. பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

ஏன் பயன்படுத்துவதில்லை என்று சக நிரலாளர்களைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். முதலாவது, பில் எண். ஜிஎஸ்டி பில்லுக்கு வரிசையான எண் வேண்டும், அதைச் சர்வர்தான் தரமுடியும், இல்லாவிட்டால் இரண்டு கவுண்டரும் ஒரே எண்ணைப் போட்டுவிடும் என்பார்கள். விதியை எடுத்துப் படித்தால் இது நிற்காது. ஜிஎஸ்டி விதி 46, பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராமல், வரிசையாக இருக்கவேண்டும் என்கிறது. கூடவே, ஒரே வரிசையாகவோ பல வரிசைகளாகவோ இருக்கலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. முதல் கவுண்டருக்கு ஒரு முன்னெழுத்து, இரண்டாவதற்கு இன்னொன்று என்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது. சர்வரைக் கேட்காமல் ஒவ்வொரு கவுண்டரும் தன் வரிசையைத் தானே ஓட்டலாம். சட்டம் கொடுத்த வசதியை மென்பொருள் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது காரணம் சரக்கிருப்பு. இணைப்பு இல்லாதபோது இரண்டு கவுண்டரும் ஒரே கடைசி மாத்திரை அட்டையை விற்றுவிட்டால் என்ன செய்வது? இது விமான டிக்கெட் விற்பவர் பயப்படவேண்டிய விஷயம். அவர் விற்பது கண்ணில் தெரியாத இருக்கையை. மருந்துக்கடையில் யார் கையில் அட்டை இருக்கிறதோ அவர்தான் விற்கமுடியும். ஒரே அட்டை இரண்டு கையில் இருக்க வழியில்லை. இருப்பு ஒன்று என்று கணினி சொல்லி, இரண்டு பேர் உண்மையிலேயே ஆளுக்கொன்று விற்றிருந்தால், முன்பே எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது, அலமாரியில் இரண்டு இருந்திருக்கிறது என்று அர்த்தம். இருப்பு மைனஸில் போகட்டும், காலையில் எண்ணிச் சரிபண்ணிக்கொள்ளலாம். அலமாரி சொல்வதைக் கேட்காமல் சர்வர் சொல்வதைக் கேட்டு விற்பனையைத் தடுக்கும் மென்பொருள், கடை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் எழுதியது.

இரட்டைப் பில் பிரச்சினைக்கும் பழைய, எளிய தீர்வு உண்டு. பில் திறக்கும்போதே பிரவுசர் அதற்கு ஒரு தனி அடையாளத்தைக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே அடையாளத்தோடு போகும். சர்வர் "இது ஏற்கெனவே வந்ததுதான்" என்று பார்த்துப் பழைய பதிலையே திருப்பித் தரும். பணம் கட்டும் பக்கங்களில் "புதுப்பிக்காதீர்கள், பின்னால் போகும் பொத்தானை அழுத்தாதீர்கள்" என்று சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பரீட்சைக் கட்டணமோ மின்கட்டணமோ கட்ட வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நிரலில் செய்யவேண்டிய வேலையைப் பயனரின் விரலில் சுமத்துகிறோம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொத்தானை அழுத்தி பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால்தான் அது உடனே நடந்ததாக மனிதருக்குத் தோன்றும். இந்த எல்லையை, மென்பொருளைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராயும் நிபுணர் யாகோப் நீல்சன் 1993இலேயே எழுதிவைத்தார். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், மும்பை போய்வர அதற்கு நூறில் ஒரு பங்கு நொடியைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும். அதனால் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. கும்பகோணத்தில் சாயங்கால ஹாட்ஸ்பாட்டில் பில் போட்டுப் பார்க்காதவர்கள் அவர்கள்.

கணக்கு யாரிடம் இருக்கிறது

இணைப்புப் பிரச்சினைக்கு வடிவமைப்பில் தீர்வு இருக்கிறது. வலைச் செயலியின் இன்னொரு குறைக்கு அவ்வளவு எளிதாக இல்லை. மாமாவின் வியாபாரக் கணக்கு முழுவதும் இன்னொருவரின் சர்வரில் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கூடுதல் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்துகளை யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில் விற்றோம் என்ற பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சந்தா கட்டுவதை நிறுத்தினால் இவை என்ன ஆகும்? அந்த நிறுவனத்தைக் கேட்டேன். எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எடுத்துப் பார்த்தால் பில் தொகைகள்தான் இருந்தன. எந்தப் பில்லில் எந்தப் பேட்ச் போனது என்ற விவரம் இல்லை. ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்தால் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் சொல்லமுடியாது. பிடித்த தளங்களில் வரும் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரைப் பல லட்சம் பேர் பயன்படுத்தினார்கள், 2013 ஜூலை 1ஆம் தேதி அதை மூடினார்கள். ரீடராவது அந்தத் தளங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போக வழிவிட்டது. ஒரு வலைச் செயலியை வாங்கும்போது உள்ளே வரும் வழியைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். வெளியே போகும் வழியை நாம்தான் கேட்டு வாங்கவேண்டும், அதுவும் சந்தா கட்டுவதற்கு முன்னால்.

சின்னச் சின்ன வலிகளும் உண்டு. பழைய மென்பொருளில் விசைகள் எல்லாம் நம் கையில். பிரவுசரில் கண்ட்ரோல் என், கண்ட்ரோல் டபிள்யூ போன்றவற்றைப் பிரவுசரே பிடுங்கிக்கொள்ளும். அக்கா பழக்கதோஷத்தில் தட்டினால் பில்லோடு அந்தப் பக்கமே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பில்லுக்கும் பிரிண்ட் ஜன்னல் வந்து நிற்கும். குரோமில் அதைத் தாண்டிப்போக ஒரு அமைப்பு இருக்கிறது, அன்று ராத்திரி அதை நானே போட்டுவிட்டு வந்தேன். திடீரென்று ஒருநாள் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். சர்வரில் மாற்றினால் எல்லோருக்கும் மாறும் என்ற அதே பலம்தான் இங்கே தொல்லையாகிறது. வரி மாற்றம் ராத்திரியோடு ராத்திரியாக வரட்டும். கை பழகிய திரை அப்படி மாறக்கூடாது. முன்கூட்டிச் சொல்லி, பழையதையும் கொஞ்ச நாள் வைத்திருந்து, அமைதியான ஒரு மாதத்தில் மாற்றலாம்.

மாமாவிடம் பழையதற்குப் போகவேண்டாம் என்றுதான் சொன்னேன். சந்தா புதுப்பிக்கும் தேதி நெருங்குவதால் வேறு மென்பொருள்களையும் பார்க்கச் சொன்னேன். டெமோ காட்ட யார் வந்தாலும், பாதிப் பில்லில் இருக்கும்போது நெட் வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள், பிடுங்கிவிட்டுப் பில்லை முடித்து பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் விலை பேசலாம் என்றேன். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

இதுவரை இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். முதலாமவரின் செயலி வயரைப் பிடுங்கியதும் திரையை மூடிக்கொண்டது. இரண்டாமவரின் செயலியில் பில் முடிந்தது, பிரிண்டும் வந்தது. அக்கா முகத்தில் அன்றுதான் நம்பிக்கையைப் பார்த்தேன் என்றார் மாமா. ஆனால் அதோடு விடவில்லை. இரண்டு கவுண்டரிலும் வயரைப் பிடுங்கச் சொல்லி, கடன் வைக்கும் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பக்கமும் பில் போட வைத்திருக்கிறார். திரும்ப இணைத்தபோது இரண்டு பில்லும் பத்திரமாக ஏறின, ஆனால் பாக்கித்தொகையில் ஒன்றுதான் சேர்ந்திருந்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டது. பாக்கியை ஒரு எண்ணாகச் சேமித்தால் இப்படித்தான் ஆகும். பற்று, வரவு என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகச் சேமித்து, பாக்கியை அப்போதைக்கப்போது கூட்டிக்கொண்டால் எந்த வரியும் எதையும் அழிக்காது. இதை அந்த விற்பனையாளரிடம் ஃபோனில் விளக்கிச் சொன்னேன். தங்கள் நிரலாளர்களிடம் பேசிவிட்டு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும் அன்று நானும் கும்பகோணத்தில் இருப்பேன், பேட்ச் விவரத்தோடு எக்ஸ்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்வதற்கு.